சிவப்புக் காயில்

பெரியவர் வண்டியை நிறுத்தி இறங்கியதும் நேராக என்னிடம் வரவில்லை. பின்பக்கம் போய், கட்டியிருந்த இரண்டு ஆடுகளுக்கும் தண்ணீர் காட்டினார். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே சிவப்பு நிறத்தில் ஓர் இக்னிஷன் காயில், சுண்டுவிரல் பருமனில் ஐந்து வயர்கள், நான்கு இரிடியம் பிளக்குகள். துபாயில் வேலை பார்க்கும் மகன் வாங்கி அனுப்பியிருந்தான். பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, "உஸ்தாத், இதைப் போட்டால் வண்டி மலை ஏறுமா?" என்று கேட்டார்.

ஓமானில், நிஸ்வா ஊரின் சனாயாவில் அப்போது நான் வேலை பார்த்தேன். சனாயா என்றால் கராஜுகளும் பார்ட்ஸ் கடைகளும் நிறைந்த தொழிற்பேட்டை. வருடம் 2001. அவருடைய வண்டி 1986 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ். 22ஆர் இன்ஜின், நான்கு சிலிண்டர், 2366 சிசி, கார்புரேட்டர் வைத்தது. கம்பெனியில் இருந்து வந்தபடியே இருந்தது. யாரும் எதையும் மாற்றிப் பார்த்ததில்லை. ஜபல் அக்தர் மலையில், சைக் பக்கம், அவருக்கு மாதுளைத் தோட்டம். பிர்கத் அல் மோஸ் கிராமத்தோடு சமதரை முடிந்துவிடும். அங்கிருந்து சுமார் 2000 மீட்டர் உயரம் வரை ஏற வேண்டும். அன்றைக்கு அது தார் போடாத பாதை. ஃபோர் வீல் இல்லாத வண்டியைக் கீழே செக்போஸ்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை நிஸ்வா ஆட்டுச் சந்தை முடிந்து சாமான் ஏற்றிக்கொண்டு திரும்பினால், பாதி மலையில் இழுவை போய், ரேடியேட்டர் கொதித்து, வண்டி நின்றுவிடுகிறது என்றார்.

பழைய பிக்கப் வைத்திருக்கிறவர்கள் இந்தக் கேள்வியை என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். பெட்டியோடு வருவார்கள், இல்லையென்றால் பெட்டியின் படத்தோடு வருவார்கள். கேள்வியில் தப்பே இல்லை. இருக்கிற வண்டியை விட்டுவிடாமல் அதையே நன்றாக ஓட்டப் பார்க்கிற ஆள்தான் இப்படிக் கேட்பான். அவனுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு. அந்தக் கடமையில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் பெரியவர் வண்டிக்கு வர முடியும்.

1993. ஓமானுக்கு வந்து இரண்டாவது வருடம். அதற்கு முன்னால் புதுக்கோட்டையில் ஒரு பட்டறையில் அம்பாசடர் பெட்ரோல் வண்டிகளில் தொழில் பழகியவன் நான். சி.பி. பாயிண்ட் வைப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை. விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தே கேப் வைப்பேன். அப்போது ஆதம் ஊர்க்காரர் ஒருவர் பழைய ஹைலக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். 18ஆர் இன்ஜின், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர். கையில் புதிதாக ஒரு பவர் காயில். பழைய காயிலின் கிளாம்பிலேயே வெள்ளைப் பீங்கான் துண்டு போல ஒரு ரெசிஸ்டர் இருந்தது. கரண்ட்டைத் தடுக்கிற சாமான்தானே, இது எதற்கு என்று அதைக் கழற்றி டிரேயில் போட்டுவிட்டுப் புதுக் காயிலுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தேன். நடு வயரைப் பிடித்துப் பார்த்தால் ஸ்பார்க் தடியாக, நீலமாகச் சீறியது. சாவியைத் தொட்டதும் இன்ஜின் பிடித்தது. மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான்.

மூன்று வாரம் கழித்து, ஜூன் மாதத்தில், ஆதமுக்கும் ஹைமாவுக்கும் நடுவே அந்த வண்டி நின்றது. சலாலா போகும் அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கண்ணுக்கு எட்டிய தூரம் சரளைக்கல்லும் கானலும்தான், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஐந்து மணி நேரம் வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்து, ஒரு தண்ணீர் லாரியில் கயிறு கட்டி வந்து சேர்ந்தார். உதடு வெடித்திருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. 

எங்கள் கராஜில் மூத்த மெக்கானிக் சியால்கோட்காரர். உஸ்தாத் என்றால் எங்களுக்கு அவர் ஒருவர்தான். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்து பாயிண்ட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு முனை குழிந்துபோய், எதிர்முனையில் முள் மாதிரி மேடு கட்டியிருந்தது. தகடு நீலம் பாய்ந்திருந்தது. பிறகு மீட்டரை எடுத்து அந்தக் காயிலின் பிரைமரியை அளந்தார். ஒன்றரை ஓம். "கணக்குப் போடு, பேட்டா" என்றார். வண்டி ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை ஓமுக்கு ஒன்பது ஆம்பியருக்கு மேல் பாயும். பாயிண்ட் தாங்குவது ஏறக்குறைய நாலு, அஞ்சு ஆம்பியர். நான் கழற்றிப் போட்ட பீங்கான் துண்டு ஒன்றரை ஓம். அது இருந்திருந்தால் கரண்ட் பாதியாகியிருக்கும். ஸ்டார்ட்டர் சுழலும் நேரத்துக்கு மட்டும் அதைத் தாண்டி முழு வோல்டேஜ் போக டொயோட்டாக்காரனே தனி வயர் கொடுத்திருந்தான். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்த ஒரு அமைப்பை நான் கால் மணி நேரத்தில் கெடுத்திருந்தேன். புதுப் பாயிண்ட், கண்டென்சர் இரண்டும் என் சம்பளத்தில் வாங்கிப் போட்டேன். பழைய காயிலும் ரெசிஸ்டரும் திரும்ப ஏறின. அந்த வெடித்த உதடு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அன்று இரவு அறையில் உஸ்தாத் சொன்ன விளக்கத்தை எங்கள் ஊர்க் கண்மாயை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன். காயில் தருகிற வோல்டேஜ் ஒரேயடியாக உச்சிக்குப் போவதில்லை. பிளக்கின் இரண்டு முனைக்கும் நடுவில் இருக்கிற காற்றை உடைத்துக்கொண்டு பாய எவ்வளவு வேண்டுமோ அதுவரை ஏறும். பாய்ந்ததும் அதற்குமேல் ஏறாது. கண்மாய்த் தண்ணீர் கலிங்கு மட்டம் வரை ஏறி வழிந்துவிடுவது போல. கண்மாயை எவ்வளவு பெரிதாக வெட்டினாலும் கலிங்கு வழிந்து ஓடும்போது தண்ணீர் அந்த மட்டத்தை ஒட்டித்தான் நிற்கும். சும்மா நிற்கும் இன்ஜினில் பத்தாயிரம் வோல்ட்டை ஒட்டியும், பாரம் இழுக்கும்போது அதைவிடக் கூடுதலாகவும் பிளக் கேட்கும். நல்ல நிலையில் இருக்கிற கம்பெனி காயில் அதைக் கொடுத்து, மிச்சமும் வைத்திருக்கும். நாற்பதாயிரம் வோல்ட் என்று பெட்டியில் அச்சடித்த காயிலைப் போட்டாலும், 0.8 மில்லிமீட்டர் கேப் வைத்த அதே பிளக் அதே வோல்டேஜில்தான் பாயும்.

கலிங்கை உயர்த்தினால்? பிளக் கேப்பை அகலமாக்கினால் வோல்டேஜ் ஏறும், உண்மைதான். அந்த வோல்டேஜைப் பதினைந்து வருடம் வெயிலில் வெந்த டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பும் ரோட்டாரும் வயரும் தாங்க வேண்டும். எங்கே பலவீனமோ அங்கே உடைத்துக்கொண்டு போகும். அந்தி மங்கிய பிறகு பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, வயர்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் தெரியும். வயரில் இருந்து வயருக்கு, கேப்பில் இருந்து பாடிக்கு, மின்மினி பறப்பது போலப் பொறி ஓடும். கடற்கரைப் பக்கம், சொஹார், பர்க்கா வண்டிகளில் காலைப் பனியில் மிஸ்ஸிங் அடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். அந்த வண்டிக்கு வேண்டியது புது கேப்பும் புது வயரும். அதைவிட்டுப் பெரிய காயிலைப் போட்டால் பொறி இன்னும் வேகமாக வெளியே ஓடும்.

டர்போ வைத்த இன்ஜினுக்கும், கம்ப்ரஷன் ஏற்றிய பந்தய இன்ஜினுக்கும் பெரிய காயில் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அங்கே சிலிண்டருக்குள் காற்று அடர்த்தி கூடுவதால் கலிங்கே உயரமாகிவிடுகிறது. 9-க்கு 1 கம்ப்ரஷனில் ஆடும் மாதுளையும் ஏற்றுகிற பிக்கப்புக்கு அந்த நிலைமை இல்லை.

சரி, பெரியவர் வண்டி. பெட்டியைத் தொடாமல் ஓர் ஓரமாக வைத்துவிட்டு, "பாபா, முதலில் கம்பெனி கொடுத்தது எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அதற்கு அப்புறம் இதைப் பேசலாம்" என்றேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். 

பேட்டரியில் 12.5 வோல்ட். சாவியைப் போட்டுக் காயிலின் பிளஸ்ஸில் பார்த்தால் 10.9. ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகிறது. சாவி சுவிட்சின் பின்னால் இருந்த கனெக்டர் பச்சை பூத்திருந்தது. இன்ஜினில் இருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை நார் நாராகப் பிரிந்து நாலைந்து இழைதான் மிச்சம். கனெக்டரைச் சுத்தம் செய்து, எர்த் பட்டையை மாற்றினதும் காயிலுக்கு 12.2 வந்தது. காயிலை மாற்றலாமா என்று கேட்டு வரும் வண்டிகளில் நான் முதலில் வைப்பது மீட்டரைத்தான். கரண்ட் போய்ச் சேராத காயில் எப்படி நல்ல ஸ்பார்க் கொடுக்கும்?

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர். 22ஆரில் பாயிண்ட் கிடையாது. சிக்னல் காயிலும் அதன் எதிரே சுழலும் பல்லும்தான். இரண்டுக்கும் நடுவில் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், இருந்தது. ஷாஃப்ட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன். ஆட்டம் இல்லை. வாக்கம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்தேன். டயாஃபிரம் நல்லதாக இருந்தால் நாக்கைப் பிடித்து நிறுத்தும். பிடிக்கவில்லை, காற்று வந்துகொண்டே இருந்தது. கிழிந்திருக்கிறது. சமதரையில் மிதமாக ஓடும்போது பெட்ரோல் ஏன் கூடுதலாகக் குடிக்கிறது என்பதற்கு அது பதில். ஆனால் மலையில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்திருக்கும்போது மேனிஃபோல்டில் வாக்கமே இருக்காது. அங்கே வேலை செய்ய வேண்டியது வேறு, டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளே இருக்கும் எடைகள். இன்ஜின் வேகம் கூடக் கூட அவை விரிந்து ஸ்பார்க்கை முன்னால் தள்ளும்.

டைமிங் லைட்டை மாட்டி, வாக்கம் குழாயை அடைத்துவிட்டு, பையனை மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொன்னேன். ராமநாதபுரத்துப் பையன், புதிதாக வந்திருந்தான். "கொடு தம்பி, இன்னும் கொடு." புல்லியில் இருக்கும் குறி வேகம் ஏற ஏற நகர வேண்டும். அசையவே இல்லை. "அண்ணே, மூவாயிரம் போயிருச்சு!" என்று உள்ளிருந்து கத்தினான். குறி அதே இடத்தில்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மேசையில் பிரித்தேன். எடைகளின் அடியில் போட்டிருந்த கிரீஸ், பதினைந்து வருட வெயிலிலும் புழுதியிலும் காய்ந்து பனைவெல்லப் பாகு மாதிரி இறுகியிருந்தது. இரண்டு எடையும் மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால்தான் விரிந்தன, விட்டால் திரும்பி வரவில்லை. மலையேற்றத்தில் ஸ்பார்க் வரவேண்டிய நேரத்துக்கு வெகு பின்னால் வந்துகொண்டிருந்தது. பிந்தி எரியும் பெட்ரோல் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாகச் சைலன்ஸரைச் சூடாக்கும், தலையைச் சூடாக்கும். இழுவை போகும், ரேடியேட்டர் கொதிக்கும். அவர் சொன்ன இரண்டு குறையும் அந்தக் கட்டிக் கிரீஸில்தான் இருந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, ஸ்பிரிங்குகளை அதே இடத்தில் மாட்டி, மெல்லிய எண்ணெய் விட்டுப் பூட்டினேன். மறுபடி லைட் அடித்தபோது குறி வேகத்தோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போனது, வேகத்தைக் குறைத்ததும் திரும்பி வந்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத காட்சி அது.

அந்த இடத்தில் சிவப்புக் காயிலைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நேரம் தப்பி வரும் ஸ்பார்க், நேரம் தப்பியே வந்திருக்கும். அதோடு 22ஆரில் காயிலுக்குப் பக்கத்திலேயே இக்னைட்டர் இருக்கிறது, கரண்ட்டை வெட்டுவது அதுதான். அது எந்த அளவு ஓமுக்குச் செய்யப்பட்டதோ அதைவிடக் குறைந்த காயிலைத் தொங்கவிட்டால், ஆதம்காரரின் பாயிண்ட்டுக்கு நடந்தது இக்னைட்டருக்கு நடக்கும். பாயிண்ட் என்றால் வழியில் உரசித் தேய்த்தாவது வீடு வந்து சேரலாம். இக்னைட்டர் போனால் போனதுதான்.

பெரியவரிடம் ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொன்னேன். 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எவன் வண்டியாக இருந்தாலும், கார்புரேட்டர் இன்ஜின் அந்த அளவு பலத்தை அங்கே இழக்கும். அது மலையின் குணம். எந்தப் பெட்டியிலும் அதற்கு மருந்து இல்லை.

வயர்களும் பிளக்கும் பாக்கி. பெட்டியில் இருந்த வயர்களை மீட்டரில் வைத்தேன். ரெசிஸ்டன்ஸே காட்டவில்லை, உள்ளே வெறும் செம்புக் கம்பி. கம்பெனி வயரில் கார்பன் இழை இருக்கும், ஒரு வயருக்கு 25 கிலோ ஓம் வரை டொயோட்டா அனுமதிக்கிறது. அந்தத் தடை ரேடியோவுக்காக வைத்தது. "பாபா, வண்டியில் என்ன கேட்பீர்கள்?" என்றேன். மலையேறும்போது குர்ஆன் ஓதல் கேட்பாராம். இந்த வயரைப் போட்டால் ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க அதில் கொரகொரவென்று இரைச்சல் ஏறும் என்றேன். அவர் ஐந்து வயரையும் சுருட்டிப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டார். அவருடைய பழைய வயர்களில் ஒன்று 40 கிலோ ஓம் தாண்டியிருந்தது. கம்பெனி வயர் செட் ஒன்று போட்டோம்.

இரிடியம் பிளக்கைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. நடு முனை 0.4 மில்லிமீட்டர் கனம்தான், தேயவே தேயாது போல நிற்கும். பிளக்கை மாற்றுவதற்கே மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டிய வண்டிகளில் நானே அதைத்தான் போடச் சொல்வேன். 22ஆரில் கையை நீட்டினால் பிளக். பத்து நிமிட வேலை. அதிலும் இவர் வண்டி கொஞ்சம் எண்ணெய் எரிக்கிறது. எண்ணெய் எரிக்கும் இன்ஜினில் பிளக் தேய்வதற்கு முன்னால் கரி பிடித்துவிடும், கரிக்கு இரிடியமும் நிக்கலும் ஒன்றுதான். வண்டிக்கு உரிய சாதாரணப் பிளக், டென்சோ டபிள்யூ16இஎக்ஸ்ஆர்-யூ, அல்லது என்.ஜி.கே. பிபிஆர்5இஒய். அதை வாங்கிக் கேப் பார்த்துப் போட்டு, நேரத்துக்கு மாற்றினால் போதும். அந்த 16, 5 என்ற எண்கள் சூட்டின் அளவு. அதை மாற்றி, பந்தய வண்டிக்காரன் போடுகிற குளிர்ந்த பிளக்கைப் போட்டுக்கொண்டு வந்து, ஊருக்குள் ஓட்டி நாலே நாளில் கரி கட்டிப்போன வண்டிகளை நிறையக் கழுவியிருக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் எதையும் மாற்றக் கூடாது என்கிற ஆள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாயிண்ட் வைத்த வண்டியா, அதை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் போடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். சி.பி. பாயிண்ட்டில் கைதேர்ந்தவன் என்ற பெருமையோடு ஓமானுக்கு வந்தவன் நான், ஆனாலும் சொல்கிறேன். 18ஆரில் பாயிண்ட் கேப் 0.45 மில்லிமீட்டர், டுவெல், அதாவது பாயிண்ட் மூடியிருக்கும் கோணம், 52 டிகிரி. இன்று சரியாக வைத்துக் கொடுத்தால் நாளையில் இருந்தே அது மாறத் தொடங்கும். கேமில் உரசும் அந்தச் சின்னக் கட்டை தேயும், கேப் குறையும், டுவெல் ஒரு டிகிரி மாறினால் டைமிங்கும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி பின்னால் போகும். ஓட்டுகிறவனுக்குத் தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடுவான். காந்தமும் சென்சாரும் வைத்த கிட் போட்டுவிட்டால் உரசுவதற்கே எதுவும் இல்லை. வண்டியின் பலம் கூடாது. ஆனால் வைத்த டைமிங் வைத்தபடி நிற்கும், ஹைமா ரோட்டில் யாரும் பாயிண்ட் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது. ஆதம்காரர் வண்டிக்கு ஒரு வருடம் கழித்து அதைத்தான் போட்டேன், பழைய காயிலுக்குப் பொருந்துகிற கிட்டாகத் தேடி. கழற்றிய பாயிண்ட் செட்டை ஒரு டப்பாவில் போட்டு, கூடவே ஒரு கண்டென்சரையும் வைத்து, டேஷ்போர்டுக்குள் கொடுத்தனுப்பினேன். எலக்ட்ரானிக் சாமான் சொல்லாமல் சாகும். தூரம் போகிற வண்டியில் பழையது கூடவே இருக்க வேண்டும். ஷாஃப்ட் புஷ் தேய்ந்து ஆடுகிற டிஸ்ட்ரிபியூட்டரில் மட்டும் அந்தக் கிட்டைப் போட மாட்டேன். அதற்கு முதலில் புஷ்.

பெரியவர் அந்த வெள்ளிக்கிழமை மலையேறினார். ஒரே ஓர் இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கவிட்டதாகவும், தண்ணீர் கொதிக்கவில்லை என்றும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

ஆனால் லைட் அடித்த அன்றே நான் இன்னொன்றைப் பார்த்திருந்தேன். ஐடிலில் குறி ஓர் இடத்தில் நிற்காமல் இரண்டு மூன்று டிகிரி முன்னும் பின்னும் அலைந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டில் ஆட்டம் இல்லை என்று கையால் பார்த்தாயிற்று. 22ஆரில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம்ஷாஃப்ட், கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றுவது செயின். காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் வந்து அடங்குகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். "பாபா, காயிலுக்கு வைத்த காசை இதற்கு வையுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்." மாதுளை அறுவடை முடியட்டும் என்றார்.

நவம்பரில் வந்தார். விடுமுறைக்கு வந்திருந்த மகனும் கூட. டைமிங் கவரைத் திறந்தேன். 1983-க்குப் பிறகு வந்த 22ஆர்களில் ஒற்றைச் செயினும் பிளாஸ்டிக் கைடும்தான். டிரைவர் பக்கத்துக் கைடு முழுவதும் உடைந்து, ஆயில் சம்ப்பில் துண்டு துண்டாகக் கிடந்தது. கைடு இல்லாததால் செயின் அலுமினியக் கவரையே அறுத்துக்கொண்டு ஓடியிருந்தது. மகனின் விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தேன். நகம் முழுதாக உள்ளே போனது. அதற்குப் பின்னால் கூலன்ட் ஓடுகிற வழி. இன்னும் கொஞ்சம் அறுத்திருந்தால் தண்ணீர் நேராக ஆயிலில் இறங்கி, பேரிங்கோடு இன்ஜினே போயிருக்கும். அதுவும் அந்த மலையில் எங்கேயாவது. மகன் எதுவும் பேசவில்லை. அப்பாவுக்கு உதவி செய்ய நினைத்து நல்ல பொருளாகத்தான் அவன் வாங்கி அனுப்பினான், அதை அவனிடம் சொன்னேன்.

புதுக் கவர், செயின், டென்ஷனர். கைடு மட்டும் கம்பெனி மாதிரி வெறும் பிளாஸ்டிக்காக வேண்டாம், முதுகில் இரும்புத் தகடு வைத்ததாகப் போடலாம் என்று நானே வற்புறுத்தினேன். அந்த வண்டியில் கம்பெனி கொடுத்ததைவிட நல்லதாக நான் போட்ட ஒரே சாமான் அதுதான். 

எல்லாம் பூட்டி, ஆயில் ஊற்றி, இன்ஜின் சூடானதும் லைட்டை அடித்தேன். வெயில் சாய்ந்திருந்தது, பானெட்டுக்குக் கீழே இருட்டு. புல்லியின் குறி வெள்ளைக் கோடாக, கவரில் இருக்கும் எண்ணுக்கு நேராக, ஆணி அடித்தது போல நின்றது. பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். லைட்டின் ஒவ்வொரு வெட்டும் ஸ்பார்க்கோடு சேர்ந்து விழுவதால், ஆயிரம் சுற்று சுற்றுகிற புல்லி கண்ணுக்கு நின்றுபோனது போலத் தெரியும். "நிற்கிறதே!" என்று சொல்லிக்கொண்டே தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். நான் மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டேன். லைட்டை விட்டதும் புல்லி மறுபடி மங்கலாகச் சுழன்றது, பெல்ட் இரைந்தது. அவருக்கு மூச்சு திரும்ப ஒரு நிமிடம் ஆனது. பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னொரு தடவை காட்டு" என்றார்.